நீட் வினாத்தாள் கைக்கு வந்த பிறகு: மதிப்பெண் எங்கே கசிகிறது?

வேதியியல் ஆசிரியர், தருமபுரி

நீட் முடிந்து வெளியே வரும்போது ஓ.எம்.ஆர். தாளின் (விடை வட்டங்களைக் கருப்பாக்கும் தாள்) அசல், அலுவலகப் படி இரண்டையும் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். வினாத்தாள் மட்டும் நம் கையோடு வரும். பல வீடுகளில் அது அன்றிரவே பரண் ஏறிவிடுகிறது. மறுமுறை எழுத நினைப்பவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி எதுவும் கிடையாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வறையிலேயே ஒரு பழக்கம் வேண்டும். ஓ.எம்.ஆரில் எந்த வட்டத்தைக் கருப்பாக்கினோமோ, அந்த விடை எண்ணை வினாத்தாளிலும் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும், விடைக்குறிப்பு எதையும் பார்ப்பதற்கு முன்பாக, ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: உறுதி, பாதி, ஊகம். விடைக்குறிப்பைப் பார்த்த பின் இதைச் செய்தால் பயனில்லை. "இது தெரிஞ்சதுதான், கைதவறிப் போச்சு" என்று மனம் தானாகச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும்.

பிறகு விடைக்குறிப்போடு ஒப்பிடுங்கள். 'ஊகம்' என்று போட்டுத் தவறியவை பாடம் படிக்காத இடங்கள். அவற்றைச் சரிசெய்வது நேரம் சார்ந்த வேலைதான். 'பாதி' என்று போட்டவை திருப்புதல் போதாத இடங்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது 'உறுதி' என்று எழுதித் தவறானவற்றைப் பற்றி. அங்கே தப்பான புரிதல் வேரூன்றி இருக்கிறது, அல்லது கேள்வியைப் படிப்பதிலேயே கோளாறு இருக்கிறது. இன்னும் நூறு மாதிரித் தேர்வு எழுதினாலும் அது தானாகப் போகாது.

கணக்கு எளிது: சரியான விடைக்கு நான்கு, தவறுக்குக் கழித்தல் ஒன்று. 150 கேள்விக்கு விடையளித்து 110 சரி, 40 தவறு என்றால் 440 கழித்தல் 40, அதாவது 400. அந்த 40-இல் 15 மட்டும் சரியாகியிருந்தால் 475. ஒவ்வொரு தவறும் நான்கு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை, ஐந்தைக் கொண்டுபோகிறது. புதிதாக ஓர் அலகு படித்து 75 மதிப்பெண் ஏற்றுவதைவிட இது பல மடங்கு சுலபம்.

என் பாடத்தில் 'உறுதி'யாகத் தவறும் கேள்விக்கு ஓர் உதாரணம்: 10-இன் அடுக்கு −8 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன? சூத்திரத்தில் போட்டால் 8 வரும், விடைகளில் 8-ம் இருக்கும். அமிலத்தை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் அது காரமாகிவிடாது. நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 7-க்குச் சற்றே குறைவாக, ஏறத்தாழ 6.98 வரும்.

பழைய வினாத்தாள்களை எடுத்துப் பழகுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 முதல் பாடத்திட்டம் சுருக்கப்பட்டுவிட்டது. திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் போன்றவை இப்போது இல்லை; செய்முறை வேதியியலின் அடிப்படைகள் ஓர் அலகாகவே சேர்ந்திருக்கின்றன. 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 கேள்விகள் இருக்கும். 180-க்கு விடையளித்தால் போதும், நேரம் 2021-இல் 180 நிமிடம், 2022 முதல் 2024 வரை 200 நிமிடம். 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. எனவே அந்தத் தாள்களைப் போட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு 50-லிருந்தும் ஐந்தை நீக்கிவிட்டு மூன்று மணி நேரத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் வேகம் பற்றித் தப்பான நம்பிக்கை வந்துவிடும்.

விலங்கியல் ஆசிரியை, விழுப்புரம்

சார் சொன்ன 'உறுதி'த் தவறுகள் உயிரியலில்தான் அதிகம் கொட்டிக்கிடக்கின்றன. 90 கேள்வி, 360 மதிப்பெண், மொத்தத்தில் பாதி. மத்தியப் பாடநூலான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை நாலு தடவை படித்தேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்குத்தான் இது நடக்கிறது. காரணம், அவர்கள் படிப்பது கண்ணுக்குப் பழகிப்போகும் படிப்பு. வரி பழகியிருக்கும், ஆனால் அந்த வரியில் ஒரு சொல்லை மாற்றி வைத்தால் மாற்றம் உறைக்காது. கூற்று, காரணம், பொருத்துக வகைக் கேள்விகள் எல்லாமே அந்த ஒரு சொல்லைத்தான் மாற்றுகின்றன.

நுரையீரல் கொள்ளளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்காற்று அளவு 500 மி.லி., உட்சுவாச சேமிப்புக் கொள்ளளவு 2500 முதல் 3000, வெளிச்சுவாச சேமிப்புக் கொள்ளளவு 1000 முதல் 1100, எஞ்சிய கொள்ளளவு 1100 முதல் 1200. நான்கு எண்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற மாணவி, "உயிர்ப்புத் திறனில் எஞ்சிய கொள்ளளவும் அடங்கும்" என்ற கூற்றைப் பார்த்ததும் சரி என்று போட்டுவிடுவாள். எவ்வளவு வலிந்து வெளியேற்றினாலும் நுரையீரலில் தங்கிவிடுவதுதான் எஞ்சிய கொள்ளளவு. வெளியே வராத காற்று உயிர்ப்புத் திறனில் எப்படிச் சேரும்? செயல்பாட்டு எஞ்சிய கொள்திறனில்தான் வெளிச்சுவாச சேமிப்போடு அது சேரும். காரணத்தோடு படித்திருந்தால் எந்தச் சொல்லை மாற்றினாலும் கண் பிடித்துவிடும்.

படிக்கும் முறை இது. முதல் வாசிப்பு புரிந்துகொள்ள. இரண்டாவது வாசிப்பில் அந்தப் பாடத்திலிருந்து முன்பு கேட்ட கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியும் எந்த வரியிலிருந்து வந்தது என்று தேடி அடிக்கோடிடுங்கள். படத்துக்குக் கீழே உள்ள சிறு எழுத்து, அட்டவணை, பாட இறுதிச் சுருக்கம் எல்லாவற்றிலும் கோடு விழுவதைக் காண்பீர்கள். மூன்றாவது முறை புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் அட்டவணையை எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வராத இடம் எதுவோ அதுதான் நாளைய பாடம்.

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் சமச்சீர் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, விளக்கம் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எண்களும் வகைப்பாடும் இரண்டிலும் வேறுபட்டால் என்.சி.இ.ஆர்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் எழுதுவோருக்கு வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. ஆகவே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேரான ஆங்கிலச் சொல்லைக் குறிப்பேட்டின் வலது ஓரத்தில் எழுதிவைப்பது கட்டாயம்.

இயற்பியல் பயிற்றுநர், மதுரை

என்.சி.இ.ஆர்.டி.யில் எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 2024 தேர்வில், ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுகின்றன என்ற பொருளில் ஒரு கூற்று வந்தது. பழைய பதிப்பை நம்பியவர்கள் சரி என்றார்கள். கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையற்றவை என்பதால் அது தவறு. முதலில் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போய், டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஒரே விடைதான் சரி என்று சொன்ன பிறகு தரவரிசையே மாறியது. 720-க்கு 720 எடுத்தவர்கள் பட்டியல் 17 பேராகச் சுருங்கியது. அண்ணன் படித்த பழைய புத்தகத்தைத் தம்பி வைத்துப் படிக்கும் வீடுகளில், புதிய பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இயற்பியலில் தெரியாமல் போவதைவிட, தெரிந்து கடைசி அடியில் சறுக்குவது அதிகம். கேள்வி அமைப்பவருக்கு மாணவர் எங்கே சறுக்குவார் என்று தெரியும். அந்தத் தவறான விடையையும் நாலில் ஒன்றாக வைத்துவிடுவார். "நம்ம விடை ஆப்ஷன்ல இருக்கு, அப்போ சரிதான்" என்ற நிம்மதிதான் இங்கே பெரிய எதிரி.

திருகு அளவி கணக்கைப் பாருங்கள். செய்முறைத் திறன்கள் இப்போது தனி அலகு, ஆகவே இது வரக்கூடியதே. புரியிடைத் தூரம் 0.5 மி.மீ., தலைக்கோலில் 50 பிரிவுகள், எனவே மீச்சிற்றளவு 0.01 மி.மீ. புரிக்கோல் அளவு 3 மி.மீ., தலைக்கோல் 24, சுழிப்பிழை +0.03 மி.மீ. அளந்தது 3.24. பிழை கூட்டல் என்றால் கருவி கூடுதலாகக் காட்டுகிறது என்று பொருள்; கழிக்க வேண்டும். சரியான விடை 3.21. அவசரத்தில் கூட்டினால் 3.27. திருத்தத்தையே மறந்தால் 3.24. மூன்றும் விடைப்பட்டியலில் இருக்கும். உண்மை அளவு என்பது அளந்ததிலிருந்து பிழையை அதன் குறியோடு கழித்தது. இந்த ஒரே வரி போதும், கூட்டல் பிழைக்கு ஒன்று, கழித்தல் பிழைக்கு ஒன்று என்று இரண்டு விதி வைத்துக் குழம்ப வேண்டாம்.

சென்டிமீட்டரை மீட்டராக்க மறப்பது, ஆரம் கேட்ட இடத்தில் விட்டத்தைப் போடுவது, செல்சியஸை கெல்வினாக்காமல் விடுவது: இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து. தரவுகளை எழுதும் முதல் வரியிலேயே அலகை மாற்றி எழுதிவிடுங்கள். கணக்கின் நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மறக்கும். கால்குலேட்டர் கிடையாது, தினமும் பத்து நிமிடம் வர்க்கமூலம், பின்னம், பத்தின் அடுக்கு என்று கையால் போட்டுப் பழக வேண்டும்.

நேரப் பங்கீட்டில் என் பரிந்துரை: உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 65, மீதி 15 சரிபார்க்க. 2025 தாளில் இயற்பியல் கடினமாகவும் நீளமாகவும் இருந்தது. இயற்பியலைக் கடைசிக்கு வைத்து 40 நிமிடத்தில் முடிக்கத் திட்டமிட்டவர்களுக்கு அப்படிப்பட்ட தாளில் மூச்சுவிட இடமிருக்காது. ஒரு கணக்கில் ஒன்றரை நிமிடம் ஆகியும் வழி தெரியவில்லை என்றால் வினாத்தாளில் கேள்வி எண்ணை வட்டமிட்டுவிட்டுத் தாண்டுங்கள்.

ஊகித்து எழுதலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கணக்குப்படி கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாகக் கேள்விக்கு கால் மதிப்பெண் லாபம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் ஏறத்தாழ 0.67, இரண்டை நீக்கினால் 1.5. ஆகவே இரண்டு விடைகளை நீக்க முடிந்த கேள்வியை விட்டுவிட்டு வருவது நஷ்டம். ஆனால் எதையும் நீக்க முடியாமல் 'தோன்றுவதை'ப் போடுவது கணக்குச் சொல்கிற கண்மூடி ஊகம் அல்ல. தோன்றுவது பெரும்பாலும் கேள்வி அமைத்தவர் விரித்த வலைதான். மாதிரித் தேர்வுகளில் 'ஊகம்' என்று குறித்தவற்றில் எத்தனை சரியாயின என்று தனியாக எண்ணி வையுங்கள். ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் அப்படிப்பட்ட கேள்விகளை விட்டுவிடுவதே மேல்.

தேர்வறைக் கண்காணிப்புப் பணியில் இருப்பவர், கடலூர்

அறைக்குள் நடக்கிற தவறுகளைச் சொல்கிறேன். கடைசியில் மொத்தமாக வட்டமிடலாம் என்று விடுவது முதல் தவறு. 180 வட்டம், ஒன்றுக்கு நான்கு நொடி என்றாலும் 12 நிமிடம் போகும். மணி அடிக்கப் போகிற நேரத்தில் கை நடுங்கும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு வட்டமிடுங்கள். 37-ஆம் கேள்வியைத் தாண்டியவர் 38-க்கான விடையை 37-இல் போட்டுவிட்டு வரிசையாக 20 கேள்வி இடம்மாறிப் போவது நடக்கிற விஷயம். பேனாவால் போட்டதை அழிக்க முடியாது. பக்கத்தின் கடைசிக் கேள்வி எண்ணும் ஓ.எம்.ஆர். எண்ணும் ஒன்றா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், இடப்பெயர்ச்சி ஒரு பக்கத்தைத் தாண்டாது.

வினாத்தாளின் குறியீடும் ஓ.எம்.ஆரில் உள்ள குறியீடும் ஒன்றா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். வேறாக இருந்தால் உடனே கையை உயர்த்துங்கள், எழுதத் தொடங்கிய பிறகு அல்ல.

கைக்கடிகாரம் அனுமதி இல்லை. அறையில் உள்ள சுவர்க் கடிகாரம்தான். பேனா மையத்திலேயே தருவார்கள். வாயிற்கதவு பிற்பகல் 1.30-க்கு மூடப்படும், பிறகு யார் கெஞ்சினாலும் திறக்காது. அரைக்கைச் சட்டை, செருப்பு, உலோகப் பொத்தான் இல்லாத உடை. தோடு, மூக்குத்தி, வளையலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டால் வாசலில் கண்ணீர் விட வேண்டியிருக்காது. கழற்ற வராத மூக்குத்தியை முந்தைய நாளே பொற்கொல்லரிடம் காட்டிவிடுங்கள்.

தேர்வு 2 முதல் 5 மணி வரை, அதாவது சாப்பிட்ட பின் கண் சொருகும் நேரம். கடைசி ஒரு மாதமாவது மாதிரித் தேர்வை அதே நேரத்தில், நகலெடுத்த ஓ.எம்.ஆர். தாளில், கைக்கடிகாரம் இல்லாமல், நடுவில் எழுந்திருக்காமல் எழுதிப் பழக வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுதி வாங்கிய மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்.

கலந்தாய்வுக்கு உதவும் தன்னார்வலர், திருச்சி

தேர்வுக்குப் பிறகான வேலையையும் சேர்த்துவிடுகிறேன். தற்காலிக விடைக்குறிப்போடு உங்கள் ஓ.எம்.ஆர். படமும் இணையத்தில் வரும். அதை வினாத்தாளில் குறித்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய். புத்தகத்தில் பக்கத்தைக் காட்ட முடிந்தால் மட்டும் கட்டுங்கள்.

தகுதி பெறுவதும் இடம் கிடைப்பதும் வேறு. 2025-இல் பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண் 144. அரசுக் கல்லூரி இடம் அதற்கு வெகு மேலே. அரசுக் கல்லூரி இடங்களில் அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு ஒரு விண்ணப்பம், தமிழ்நாட்டு 85 சதவீதத்துக்குத் தனி விண்ணப்பம். நீட் எழுதியதாலேயே பெயர் தானாகப் போய்ச் சேராது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் வாங்க வேண்டியிருக்கும், முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ இடங்களும் நர்சிங், பார்மசி போன்ற படிப்புகளும் பிளஸ் 2 மதிப்பெண்ணில் நிரம்புகின்றன. அவற்றின் விண்ணப்பத் தேதிகளை நீட் முடிவுக்காகத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். மறுமுறை எழுதுவதா என்று முடிவெடுக்க, முதலில் எழுதிய ஆசிரியர் சொன்ன அந்த மூன்று குறிகளையே பாருங்கள். ஊகமும் பாதியும் அதிகம் என்றால் ஒரு வருடம் பலன் தரும். 'உறுதி'த் தவறுகளே அதிகம் என்றால் படிக்கும் முறையை மாற்றாமல் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார்வதில் அர்த்தமில்லை.

முடிவு வந்த வாரத்தில் பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் மதிப்பெண் பேச்சை நிறுத்திவிட்டுக் கூடவே இருங்கள். 104-க்கு அழைத்தால் மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணம் இல்லை. 14416 எண்ணிலும் தமிழில் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம்.