பெண் குழந்தைக்குக் குறிஞ்சியா, தென்றலா, கயலா?

பாறைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். இருப்பது கொழிஞ்சாம்பாறை, என் பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். 28-ஆம் நாள் குழந்தைக்கு இடுப்பில் நூல் கட்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்கிறார் அத்தை, நாள் நெருங்குகிறது, இன்னும் முடிவாகவில்லை. நியூமராலஜி எல்லாம் வேண்டாம், மலை, காற்று, பூ, தண்ணீர் என்று ஏதாவது ஒன்றிலிருந்து வந்த தமிழ்ப் பெயராக இருக்கட்டும் என்பதில் நானும் வீட்டுக்காரரும் ஒரே கட்சி. சலித்துச் சலித்துக் கடைசியில் நிற்பது மூன்று: குறிஞ்சி, தென்றல், கயல்.

எனக்குக் குறிஞ்சி மேல்தான் ஆசை. ஆனால் அந்தச் செடி ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுச் செத்துப்போகுமாமே, பச்சைப் பிள்ளைக்கு யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா என்று அத்தை கேட்டதிலிருந்து மனசு உறுத்துகிறது. அவருக்குத் தென்றல் பிடித்திருக்கிறது, வீட்டுக்காரருக்குக் கயல். குழந்தை இங்கேதான் வளரப் போகிறாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எங்கே போனாலும் மலையாளம் பேசுகிறவர்களும் இருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காக வாயில் வருகிற பெயர் எது? எல்லைப் பக்கம் பிள்ளை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர் டீச்சர்:
வாழ்த்துகள் கண்ணு. தினமும் வருகைப் பதிவேடு வாசிக்கிறவள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கயலை முதலில் எடுத்துவிடுங்கள். பெயர் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே பல ஃபாரத்தில் பெயர் ஆங்கிலத்தில் ஏறும், அந்த எழுத்தைப் பார்த்த மலையாளி வாயில் 'காயல்' என்றுதான் வரும், வேம்பநாட்டுக் காயல் மாதிரி, அதாவது உப்பங்கழி. ஜூன் மாதம் புது டீச்சர் வரும்போதெல்லாம் குழந்தை எழுந்து நின்று திருத்த வேண்டும்.

தென்றலுக்கு வேறு சிக்கல். 'ன்ற' அவர்களுக்கு நம்மைப் போல் வராது, 'தென்டல்' என்றோ, தங்களுக்குத் தெரிந்த 'தென்னல்' என்றோ கூப்பிடுவார்கள். தென்னலும் இளங்காற்றுதான், பெண் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயரும்தான். அதனால் குறை ஒன்றுமில்லை, வீட்டில் ஒரு பெயர் வெளியே ஒரு பெயர் என்று ஆகிவிடும், அவ்வளவுதான். (தென்றல் என்பது தெற்கிலிருந்து வருவது. நம் பாலக்காட்டுக் கணவாயில் மழைக்காலத்தில் மேல்காற்று, மார்கழி தையில் உதடு வெடிக்கிற கீழ்காற்று. தென்றலை நான் பாட்டில் கேட்டதுதான் அதிகம்.)

இனி குறிஞ்சி. இதை யாராவது உங்களிடம் முன்னாடியே சொல்ல வேண்டும். மலையாளத்தில் பெண் பூனையைக் 'குறிஞ்ஞி' என்பார்கள். குழந்தைக் கதைகளில் 'குறிஞ்ஞிப்பூச்ச' வராமல் இருக்காது. நீலக்குறிஞ்சிக்கும் அதே சொல்தான். கெட்ட வார்த்தை இல்லை, செல்லமான வார்த்தைதான். ஆனாலும் அங்கன்வாடியில் சேர்த்த வாரமே பிள்ளைகள் பூனை என்பார்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் ஆதிரை. திருவாதிரை நட்சத்திரம், மார்கழி இரவில் கிழக்கே சிவப்பாகத் தெரியுமே அதுதான். இந்தப் பக்கம் வீதிக்கு ஒரு ஆதிர இருக்கிறாள், யாருக்கும் நாக்கு சுளுக்காது. கொன்றை என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணிக்கொன்றை கேரளாவின் மாநிலப் பூ, விஷுக் கணிக்கு அது இல்லாமல் முடியாது, ஆனால் இரண்டு மொழியிலும் காதில் கொலைதான் விழுகிறது.

குப்பத்துக்காரன்:
நாங்கள் ஆந்திரா பக்கம், அதனால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எங்களுக்குப் பெரிய தொல்லை ழ. தெலுங்கில் அந்த எழுத்தே புழக்கத்தில் இல்லை, அக்கா மகள் யாழினி பள்ளியில் யாலினி ஆகிவிட்டாள், மகிழ் என்று வைத்தால் மகில். உங்களுக்கு மலையாளத்தில் ழ இருப்பது கொடுத்து வைத்தது. எங்கள் வீட்டில் வெண்ணிலா என்று வைத்தோம். தெலுங்கில் நிலவொளி வென்னெல என்பதால் கேட்டவுடனே புரிந்துகொள்கிறார்கள்.

தேவிகுளத்து அப்பா:
தங்கச்சி, என் மகள் பெயர் குறிஞ்சி. 2018-இல் பிறந்தவள். அந்த வருஷம்தான் இங்கே பூத்தது, ஆகஸ்டில் வந்த பெருமழையில் மண் சரிந்து மூணாறு ரோடே துண்டாகிப் போனதால் பார்க்க வர நினைத்தவர்கள் பாதிப் பேர் வர முடியவில்லை. மழை விட்ட பிறகு நாங்கள் மேலே ஏறிப் பார்த்தோம். தனிப் பூ ஒன்றும் பெரிசில்லை, சின்ன மணி மாதிரி, கட்டைவிரல் நீளம்கூட வராது, ஊதாவும் நீலமும் கலந்த நிறம். இடுப்பு உயரப் புதரில் நெருக்கமாகப் பூத்து அப்படியே சரிவு முழுக்கப் போகும், பக்கத்தில் நின்றால் தேனீச் சத்தம்தான் முதலில் கேட்கும்.

அத்தை சொல்வது சரிதான், பூத்து விதை முற்றியதும் செடி பட்டுப்போகும். ஆனால் உதிர்ந்த விதை அதே சரிவில் முளைத்து, 12 வருஷம் வெயிலும் பனியும் தாங்கி, மறுபடி மலையோடு சேர்ந்து பூக்கும். 2006, 2018, அடுத்தது 2030. இதில் அபசகுனம் எங்கே இருக்கிறது? வம்சம் தழைக்கிற செடி என்று அத்தையிடம் சொல்லுங்கள். நெல்லும் வாழையும் ஒரு தடவை ஈன்று முடிகிறவைதான், வாழை இல்லாமல் நம் வீட்டில் என்ன விசேஷம் நடக்கிறது?

பூனை விஷயம் உண்மை. ஒன்றாம் வகுப்பில் இரண்டு பையன்கள் மியாவ் என்று கத்தி, இவள் அழுதுகொண்டு வந்தாள். வகுப்பு டீச்சர் பூவின் படத்தைக் காட்டி, நம் மலையின் பெயர் இவளுக்கு என்று சொன்னார், அதோடு போயிற்று. இன்று யார் பெயரைக் கேட்டாலும் அவளே கதை சொல்கிறாள். ஆசைப்பட்ட பெயரை ஒரு பூனைக்காக விடாதீர்கள்.

அக்ஷயா சென்டர்:
ஒரு விஷயம், அக்ஷயா என்கிற கேரள இ-சேவை மையத்தில் இருப்பதால் சொல்கிறேன். 28-ஆம் நாள் சடங்கையும் பதிவையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் இடத்தைக் காலியாக விடலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அப்புறம் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. அவசரத்தில் ஏற்றிவிட்டுப் பிறகு மாற்ற அலைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், ஒரு எழுத்து தவறினாலும் கூடவே வரும். மலையாளம், ஆங்கிலம் இரண்டிலும் எப்படி எழுத வேண்டும் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பாறைப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். காயலைக் கேட்டதும் வீட்டுக்காரர் கயலை விட்டுக்கொடுத்தார். அத்தைக்கு ஆதிரை பிடித்திருக்கிறது, ஆனால் வாழையைச் சொன்னதும் குறிஞ்சிக்கும் மறுப்பு சொல்லவில்லை. நூல் கட்டும்போது குறிஞ்சி என்றே காதில் சொல்லப் போகிறோம். கொஞ்ச மாதம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பஞ்சாயத்தில் ஏற்றலாம் என்று இருக்கிறேன். டீச்சர், மலையாளத்தில் எப்படி எழுதிக் கொடுப்பது? பூனை ஆகாமல் இருக்க வழி உண்டா?

சித்தூர் டீச்சர்:
உண்டு கண்ணு. கடைசி எழுத்துக்கு 'ஞ்ஞி' போடாமல் 'ஞ்சி' போடச் சொல்லுங்கள், வாசிக்கிறவர் நம்மைப் போலவே குறிஞ்சி என்பார். நடுவில் வல்லின ற. எழுதுகிறவர் தங்களுக்குப் பழகியதுதான் சரி என்று 'ஞ்ஞி' ஆக்கிவிட வாய்ப்பு உண்டு, அதனால் அச்சுப் போடும் முன் கம்ப்யூட்டர் திரையிலேயே காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.