பள்ளிக்கூடச் சாப்பாடு எல்லாப் பிள்ளைக்கும் ஃப்ரீயா, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமா?

கணக்கன்:
ஸ்கூல்ல சாப்பாடு போடணுமா வேணாமான்னு இங்க யாரும் சண்டை போடப் போறதில்ல. என் கேள்வி வேற. கார்ல வந்து இறங்கற பிள்ளைக்கும் எதுக்கு அரசாங்கம் காசு போட்டு சோறு போடணும்? அந்தப் பணத்த மிச்சம் பிடிச்சா இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு காலைலயும் சேர்த்து போடலாம், லீவு நாள்ல கூட குடுக்கலாம். அமெரிக்காவுல வருமானம் பாத்துதான் குடுக்கறாங்க. வறுமைக் கோட்டு வருமானத்துல 130 சதவீதத்துக்குள்ள இருந்தா ஃப்ரீ, 185 வரைக்கும் கம்மி விலை, அதுக்கு மேல போனா முழுக் காசு. இதுதான் நியாயம்னு எனக்குத் தோணுது. மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

மணியடிச்சாச்சு:
கணக்கன் சார், நீங்க சொல்ற அதே அமெரிக்காவுல என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. சாப்பாட்டுக் காசு பாக்கி வச்ச பிள்ளையோட தட்ட வாங்கி குப்பைல கொட்டறது, கையில முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பறது, பாக்கிக்காக டேபிள் தொடைக்க விடறதுன்னு போயி, கடைசில நியூ மெக்ஸிகோ மாநிலம் 2017ல இதுக்குன்னே ஒரு தடைச் சட்டம் போட வேண்டி வந்துச்சு. கடன் பெத்தவங்களோடது, அவமானம் ஏழு வயசுப் பிள்ளைக்கு. யாரு கட்டறவன் யாரு கட்டாதவன்னு பிரிச்ச அன்னிக்கே இதுக்கு வழி தொறந்துடுது.

கணக்கன்:
அது நடத்தற விதத்துல இருக்கற கோளாறு பிரதர், கொள்கைல இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி கார்டு குடுங்க, யாரு கணக்குல காசு அரசாங்கம் போடுது, யாரு கணக்குல அப்பா போடறாருன்னு மெஷினுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். வரிசைல நிக்கற பக்கத்துப் பையனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல.

வெண்பா டீச்சர்:
கார்டு வரிசைல நிக்கற வெட்கத்த தீக்கும், ஒத்துக்கறேன் சார். அதுக்கு முன்னாடியே ஒரு ஃபாரம் இருக்கே, அத யாரு நிரப்புவா? அரசாங்க ஃபாரத்த முதல் ஆளா நிரப்பிக் குடுக்கறது விவரம் தெரிஞ்ச வீடுதான். வேலைக்காக ஊர் ஊரா போற குடும்பம், எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா பாட்டிகிட்ட வளர்ற பிள்ளை, போன மாசம் வரைக்கும் வேலை இருந்து இந்த மாசம் போன அப்பா, இவங்க பேரு லிஸ்ட்ல வர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும். வருமானச் சான்றுங்கறது போன வருஷத்துக் கதை, பிள்ளைக்குப் பசிக்கறது இன்னிக்கு.

அமெரிக்காக்காரங்களே இத உணர்ந்துதான் 2010 சட்டத்துல வழி மாத்தினாங்க. ஒரு ஸ்கூல்ல குறிப்பிட்ட பங்கு பிள்ளைங்க ஏற்கெனவே வேற அரசு உதவி வாங்கற குடும்பமா இருந்தா ஃபாரமே வேணாம், மொத்த ஸ்கூலுக்கும் ஃப்ரீயா குடுத்துக்கலாம்னு. அந்தப் பங்கு முதல்ல 40 சதவீதம், 2023ல 25ஆ குறைச்சாங்க. போற திசை எதுன்னு பாருங்க.

கணக்கன்:
டீச்சர், திசையப் பாத்து முடிவு பண்ண முடியாது, பலனப் பாக்கணும். நார்வேல இன்னிக்கும் பெரும்பாலான பிள்ளைங்க வீட்டுலேர்ந்து டப்பாவுல கட்டிட்டுதான் போறாங்க, அங்க யாரும் மெலிஞ்சு போகல.

தறியோசை:
நார்வேல கட்டிக் குடுக்க வீட்டுல இருக்கு அண்ணே. கேள்வியே அது இல்லாத வீட்டப் பத்திதான்.

மணியடிச்சாச்சு:
பலன் கேட்டீங்கல்ல சார். இங்கிலாந்துல 2009லேர்ந்து 2011 வரைக்கும் மூணு ஏரியாவுல சோதிச்சுப் பாத்தாங்க. நியூஹாம், டர்ஹம் ரெண்டுலயும் ஆரம்பப் பள்ளில எல்லாப் பிள்ளைக்கும் ஃப்ரீ. வுல்வர்ஹாம்ப்டன்ல மட்டும் நீங்க சொல்ற மாதிரி வருமான வரம்ப கொஞ்சம் தளர்த்தி இன்னும் சில குடும்பத்த உள்ள சேர்த்தாங்க. எல்லாருக்கும் குடுத்த ரெண்டு இடத்துலயும் பிள்ளைங்க படிப்புல சராசரியா ரெண்டு மாசம் முன்னாடி போனாங்க, வுல்வர்ஹாம்ப்டன்ல சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் தெரியல. இன்னொண்ணு முக்கியம், ஏற்கெனவே ஃப்ரீயா சாப்பிட உரிமை இருந்தும் வெட்கப்பட்டோ என்னவோ சாப்பிடாம இருந்த பிள்ளைங்க, எல்லாருக்கும்னு ஆனதும் வந்து உக்காந்தாங்க. ஆக இல்லாத பிள்ளைக்குப் போய்ச் சேரவே எல்லாருக்கும் குடுக்க வேண்டியிருக்கு.

கணக்கன்:
அதே சோதனைல பிள்ளைங்க லீவு போடறது குறையலன்னும் வந்துச்சு, அதையும் சேர்த்து சொல்லணும். செலவு எவ்வளவுன்னும் சொல்லணும். அதே காச வேற வழில போட்டிருந்தா ரெண்டு மாசத்த விட அதிகமா கிடைச்சிருக்காதுன்னு எப்படி சொல்றீங்க? எனக்கு ஜப்பான் வழி புடிச்சிருக்கு. 1954ல சட்டம் போட்டாங்க, சமையக்கூடம், ஆள் சம்பளம் எல்லாம் உள்ளாட்சி பாத்துக்கணும், சாமான் செலவு மட்டும் பெத்தவங்க குடுக்கணும், முடியாதவங்களுக்கு உதவி உண்டு. எல்லாருக்கும் சாப்பாடு, ஆனா அந்தச் சட்டப்படி முடிஞ்சவன் தன் பங்க குடுக்கணும். இதுல என்ன தப்பு?

வெண்பா டீச்சர்:
தப்பே இல்ல சார், ஆனா ஜப்பான்ல வேலை செய்யறது அந்தக் காசு முறை இல்லன்னு நான் நினைக்கிறேன். வாத்தியாரும் பிள்ளைங்களும் அதே கிளாஸ்ல உக்காந்து அதே சாப்பாட்டத்தான் சாப்பிடறாங்க, பரிமாறறதும் பிள்ளைங்கதான். 2005லேர்ந்து சத்துணவு ஆசிரியர்னு தனிப் பதவியே வச்சு, சாப்பாட்டு நேரத்தையும் பாடமாத்தான் பாக்கறாங்க. யாரும் தனியா நிக்கல பாருங்க.

கரண்டி:
நான் ஸ்கூல் சமையக்கூடத்துல வேலை பாக்கறேன், இவ்ளோ நேரமா படிச்சுட்டு இருந்தேன், யாருக்குப் போடணும்னே எல்லாரும் பேசறீங்க, தட்டுல என்ன விழுதுன்னு ஒருத்தரும் கேக்கலையேப்பா. ஒரு பிள்ளைக்கு இவ்ளோன்னு ஒரு தொகை போட்டுருப்பாங்க, கடைல விலை ஏறிடும் அந்தத் தொகை ஏறாது, அப்ப என்ன ஆகும், குழம்பு தண்ணியாகும் காய் கண்ணுல படாது, கணக்குல மட்டும் எல்லாம் சரியா இருக்கும். சாப்பிட விடற நேரமும் அப்படித்தான், கை கழுவி தட்டு வாங்கி உக்காரவே பாதி நேரம் போயிடும், சின்னப் பிள்ளைங்க மெதுவாத்தான் சாப்பிடும், மணி அடிச்சதும் பாதியக் கொட்டிட்டு ஓடுதுங்க. கொட்டறதப் பாத்துட்டு பிள்ளைங்களுக்கு இது புடிக்கலைன்னு ரிப்போர்ட் எழுதறாங்க. புடிக்காம இல்லப்பா, நேரம் குடுக்கல.

சுத்தத்தப் பத்தியும் சொல்லணும். பீகார்ல 2013 ஜூலைல 23 பிள்ளைங்க செத்துப் போச்சே, எண்ணெய்ல பூச்சிமருந்து கலந்து. சமைச்ச அம்மா எண்ணெய் வாடை சரியில்லன்னு சொல்லியும் யாரும் கேக்கலன்னு அப்ப பேப்பர்ல படிச்சேன், அது இன்னும் மனசுல நிக்குது. சமைக்கறவ பேச்சுக்கு மதிப்பு இருக்கணும். பெரியவங்க ஒருத்தர் முதல்ல சாப்பிட்டுப் பாத்துட்டுதான் பிள்ளைக்குப் போடணும், அதுவும் நோட்டுல கையெழுத்துக்காக இல்ல.

தறியோசை:
அக்கா சொல்றதுதான் நானும் சொல்ல வந்தேன். எல்லார் பிள்ளையும் அதே தட்டுல சாப்பிட்டா தண்ணிக் குழம்பு ஒரு வாரம் தாங்காது. கேள்வி கேக்கத் தெரிஞ்ச, அதிகாரிக்கு போன் போடத் தெரிஞ்ச பெத்தவங்க சும்மா விட மாட்டாங்க. ஏழைக்கு மட்டும்னு ஒதுக்கிட்டா அதப் பத்திக் கேக்க ஆள் இருக்காது.

கணக்கன்:
தம்பி, போன் போடத் தெரிஞ்சவங்க பிள்ளைங்க பாதிப் பேரு தனியார் ஸ்கூலுக்குப் போயாச்சு. அரசுப் பள்ளிக்குள்ள எல்லாருக்கும்னு சொல்றதால அந்த அழுத்தம் வந்துடும்னு நம்பறது ஆசைதான். கரண்டி அம்மா சொன்னதத்தான் நான் கெட்டியாப் பிடிச்சுக்கறேன். தொகை பத்தலன்னா தலைய அதிகமாக்கறத விட தட்ட நல்லாக்கறதுதானே முதல் வேலை?

வெண்பா டீச்சர்:
தொகைய வருஷா வருஷம் விலைவாசியோட சேர்த்து ஏத்தணும்னு கேளுங்க, நானும் கூட நிக்கறேன். தலைய வெட்டி அந்தக் காச எடுக்காதீங்க. இந்தியாவுல உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர்ல உத்தரவு போட்டப்ப, அரசு ஆரம்பப் பள்ளிலயும் உதவி பெறும் ஆரம்பப் பள்ளிலயும் படிக்கற ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைச்ச சாப்பாடு, குறைஞ்சது 300 கலோரி, 8லேர்ந்து 12 கிராம் புரதம், வருஷத்துக்கு 200 நாள்னு சொன்னாங்க. பிள்ளை அந்த ஸ்கூல்ல படிக்குதா, அவ்ளோதான் தகுதி. அளவையும் எழுதி வச்சாங்க, ஆளையும் பிரிக்கல.

சாப்பாட்டோட நிறுத்தறதும் தப்பு. வயித்துல புழு இருக்கற பிள்ளைக்கு நல்லாப் போட்டாலும் முழுசா உடம்புல ஒட்டாது. இந்தியால 15லேர்ந்து 19 வயசுப் பொண்ணுங்கள்ல 59 சதவீதத்துக்கு ரத்தசோகைன்னு 2019-21 குடும்ப நல சர்வே சொல்லுது. புழு மாத்திரை, வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, உயரம் எடை பாக்கறது எல்லாமே கிளாஸ் மொத்தத்துக்கும்தான் நடக்குது, நம்ம யாரும் அங்க வருமானம் கேக்கறதில்ல. சோத்துக்கு மட்டும் எதுக்கு சார் கேக்கணும்?

கணக்கன்:
மாத்திரை செலவும் சாப்பாட்டுச் செலவும் ஒண்ணாகுமா டீச்சர். ஆனா ஃபாரம் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஏழைக் குடும்பம் அதிகமா இருக்கற ஏரியாவுல மொத்த ஸ்கூலுக்கும் ஃப்ரீ, மத்த இடத்துல ஜப்பான் மாதிரி சாமான் காசு மட்டும், இப்படி இருந்தா சரின்னு நினைக்கிறேன். எல்லா இடத்துலயும் எல்லாருக்கும்னா இன்னும் எனக்கு ஒப்பல.

கரண்டி:
எதையாவது பண்ணுங்கப்பா. சாப்பாட்டு நேரத்த பத்து நிமிஷம் கூட்டறதுக்கு காசே வேணாம், அத முதல்ல எழுதிக் கேளுங்க.