பாதிரிப்புலியூர் வீடு – குடும்பக் குழு

பெரியப்பா, காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். பெரிய தம்பியின் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. நேற்று மாலை பந்தக்கால் நடும் இடத்தைப் பார்க்கப் போனவன், மாடிப்படியின் கீழே உள்ள சிறிய கதவையும் திறந்து பார்த்தேன். நிலைக்கதவுக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசிய ஆசாரி, துடைத்த துணிகளை ஒரு சிமெண்ட் சாக்கில் திணித்து அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாக்குக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மூடி உள்ள தகர வாளியில் தண்ணீர் ஊற்றி அமுக்கி வைத்துவிட்டு வந்தேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

வில்லியனூர் அத்தை, 6:52
துணி தானாக எப்படிச் சூடாகும் அண்ணா?

பெரியப்பா, 7:05
அந்த எண்ணெய் காய்வது தண்ணீர் உலர்வதைப் போன்றதல்ல அம்மா. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படும். துணியைக் கொடியில் விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும்; சுருட்டித் திணித்தால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே பற்றிக்கொள்ளும். அந்தச் சாக்குக்கு ஒரு முழம் தள்ளி, பெயிண்டில் கலக்கும் தின்னர், 20 லிட்டர் கேன்கள் மூன்று இருந்தன. அவற்றின்மேல் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

அம்மா, 7:11
அந்தப் படியில்தான் நாங்கள் தினமும் ஏறி இறங்குகிறோம் மாமா.

முதுநகர் சித்தப்பா, 7:30
கேன்கள் என்னுடையவை. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடைக்கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோதுதான் முதன்முதலில் சரக்கை அங்கே இறக்கினேன். பாகம் பிரித்தபோதே படிக்குக் கீழ் உள்ள இடம் எனக்கு என்று நம் அம்மாதான் சொன்னார்கள். அன்றைக்கு யாரும் மறுத்துப் பேசவில்லை.

வில்லியனூர் அத்தை, 7:34
பாகத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம் சின்னண்ணா.

பெரியப்பா, 7:58
இடம் உன்னுடையதுதான் தம்பி, அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் தின்னர் ‘ஏ’ வகுப்புப் பெட்ரோலியம். 23 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடிய ஆவியை அது விடும் என்பதால், நம் ஊர்ப் பகல் வெயிலுக்கு ஒரு பொறி போதும். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தாலே உரிமம் இல்லாமல் மொத்தம் 30 லிட்டர்தான் வைத்துக்கொள்ளலாம். உன்னுடையது 60 லிட்டர், அதுவும் விற்பனைச் சரக்கு. அளவைக்கூட விட்டுவிடு. வெளியேறும் வழி எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ள விதி. மாடியில் 80 பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது படிக்குக் கீழே பற்றினால், புகை முதலில் ஏறுவது அந்தப் படிவழியாகத்தான். நமக்கு இறங்குவதற்கு வேறு படி கிடையாது.

நெய்வேலி அண்ணன், 8:10
அப்பா, பந்தல்காரர் மாடியில் கீற்றுப் பந்தல் போடத்தான் முன்பணம் வாங்கியிருக்கிறார்.

பெரியப்பா, 8:21
கீற்று வேண்டாம், தகரப் பந்தல் போடச் சொல். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் சமையற்கட்டில் கிளம்பிய தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. நான் அப்போது தீயணைப்புப் பணியில் இருந்தவன். அந்த ஆண்டுக்குப் பிறகு கீற்றுக்குக் கீழே உட்கார்ந்து என்னால் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததில்லை.

அம்மா, 8:29
ஆனி வெயிலில் தகரத்துக்குக் கீழே வயதானவர்களை எப்படி உட்கார வைப்பது?

வில்லியனூர் அத்தை, 8:31
அண்ணி சொல்வது சரிதான். பந்தியைத் தோட்டத்தில் வேப்பமரத்தடிக்கு மாற்றிவிடலாமே.

நான், 8:40
பெரியப்பா, சமையல்காரர் 19 கிலோ சிலிண்டர் 6 வேண்டும் என்கிறார்.

பெரியப்பா, 8:52
ஆறு என்றால் 114 கிலோ ஆகிவிடும் மகளே. உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் 100 கிலோ வரைதான் வைக்கலாம். வீட்டில் உள்ள 14.2 கிலோ சிலிண்டர் இரண்டையும் கணக்கில் சேர்த்தால், நான்கு கொண்டுவந்தாலும் 104.4 கிலோ வந்துவிடுகிறது. ஆகவே மூன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள்; தீரத் தீர மாற்றிக்கொள்ளலாம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் கசிந்தால் பள்ளம் பார்த்துத் தேங்கும். எனவே சாக்கடை ஓரத்திலோ படிக்குக் கீழேயோ வைக்காமல், கிணற்றுப் பக்கம் திறந்தவெளியில் நிமிர்த்தி வையுங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றும் மணல் வாளி இரண்டும் நான் கொண்டுவருகிறேன்.

முதுநகர் சித்தப்பா, 9:20
அண்ணா, கேன்களை நாளைக்கே வண்டி வைத்து எடுத்து, உரிமம் உள்ள மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அட்டைப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்யாணம் முடியட்டும், நேரில் பேசுவோம்.

பெரியப்பா, 9:24
கல்யாணத்துக்கு முன்பே அவையும் போக வேண்டும் தம்பி.

நெய்வேலி அண்ணன், 9:31
பந்தல்காரரிடம் நான் பேசிப் பார்க்கிறேன். முன்பணம் திரும்புமா என்று தெரியவில்லை.

அம்மா, 9:40
மாடிக்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? இரண்டு மாதமாகத் தேடுகிறேன்.

முதுநகர் சித்தப்பா, 9:42
என்னிடம்தான் இருக்கிறது அண்ணி. நாளைக்குக் கொண்டுவருகிறேன்.