புதுப்பிப்பு: பேண்ட் சா வந்துவிட்டது

வீட்டுப் பட்டறைக்கு 9 அங்குல பேண்ட் சாவா, 14 அங்குலமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மேலும் கீழுமாக உள்ள இரண்டு சக்கரங்களில் வளையமாகச் சுற்றும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம் அது; அங்குலக் கணக்கு சக்கரத்தின் விட்டம். மேசைமேல் வைக்கும் 9 அங்குலமே போதும் என்றார்கள் பலர். கேட்கவில்லை. பழைய 14 அங்குலம் ஒன்று வந்திறங்கியது. இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

காரணம் பலாக்கட்டை. 5 அங்குல உயரக் கட்டையைப் பலகையாகப் பிளக்கச் சின்ன இயந்திரத்துக்கு எட்டாது. முதல் அறுப்பே வளைந்து போனது. இயந்திரத்தைத் திட்டினேன், தவறு என்னுடையது. வளைவு அறுக்கும் கால் அங்குல அகல பிளேடை மாட்டியிருந்தேன். அங்குலத்துக்கு 3 பல் உள்ள அரை அங்குல பிளேடு மாட்டியதும் நேராக இறங்கியது. பற்களின் இடைவெளி பெரிதாக இருப்பதால் மரத்தூள் அடைவதில்லை.

மேல் சக்கரத்தின் ரப்பர் பட்டை வெடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். விலையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.