மாஸ்டர் சிலிண்டர் மாற்றியதிலிருந்து முன்பிரேக் லீவர் கல்லுமாதிரி, ஆனால் பைக் நிற்பதாயில்லை

வாவிக்கரையான் (கல்லடி):
150 சிசி பைக், முன்னால் ஒற்றை டிஸ்க். பழைய மாஸ்டர் சிலிண்டர் (லீவரை இறுக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளுகிற பாகம்) கசியத் தொடங்கியதால், ஜப்பான் ரீகண்டிஷன் சாமான்களுக்குள் கிடந்த ஒன்றை வாங்கிப் போட்டேன். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. நேற்றுக் கல்லடிப் பாலத்தால் இறங்கும்போது மாடு ஒன்று குறுக்கே வந்தது. நாலு விரலாலும் இறுக்கியும், அதன் வாலுக்கு ஒரு முழம் இருக்கத்தான் நின்றது. பேட் புதிது. என்ன பிழை?

ஓட்டமாவடி 150:
உள்ளே காற்று நிற்கும் மச்சான். திரும்ப ப்ளீட் பண்ணி, காற்றை வெளியேற்றிப் பாருங்க.

வாவிக்கரையான்:
இரண்டு தரம் பண்ணியாச்சு. டொட் 4 பிரேக் ஒயில், குமிழே இல்லை.

கல்முனைக் கராஜ்:
காற்று இருந்தால் லீவர் பஞ்சுமாதிரி அமுங்கும் தம்பி, உங்களுடையது எதிர்மாறு. மாஸ்டரின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், எண் ஏதும் இருக்கிறதா? பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கலிப்பரின் பிஸ்டனையும் அளந்து சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:
5/8 என்று இருக்கிறது அண்ணே. பழையதில் 1/2. கலிப்பரில் ஒரே பக்கம் இரண்டு பிஸ்டன், 27 மி.மீ.

கல்முனைக் கராஜ்:
பிடிபட்டது. 5/8 என்றால் மாஸ்டர் பிஸ்டனின் விட்டம், அங்குலத்தில்; அது பெரும்பாலும் இரட்டை டிஸ்க் பைக்குகளில் வருகிற அளவு. 12.7 மி.மீ. எங்கே, 15.9 எங்கே! 3 மி.மீ.தானே என்று நினைக்க வேண்டாம், பரப்பளவுதான் கணக்கு: 127 சதுர மி.மீ. இருந்த இடத்தில் இப்போது 198. கலிப்பர் பிஸ்டன் இரண்டும் சேர்ந்து 1145. முன்பு 9 மடங்காகக் கிடைத்த பலம் இப்போது 6 மடங்குகூட இல்லை. பெரிய மாஸ்டர் ஒயிலைக் கூடுதலாகத் தள்ளும், லீவர் கொஞ்சம் அசைந்ததுமே பேட் டிஸ்க்கில் முட்டிவிடும். அந்த இறுக்கத்தைத்தான் நல்ல பிரேக் என்று பலபேர் நம்புகிறார்கள்.

ஓட்டமாவடி 150:
அப்போ சின்னதாகப் போடப் போட நல்லதா? என்னிடம் 11 மி.மீ. ஒன்று கிடக்கிறது.

கல்முனைக் கராஜ்:
பலம் 12 மடங்காகும், சரி. ஆனால் லீவர் அதிக தூரம் உள்ளே வரவேண்டும். பேட் தேய்ந்த கலிப்பரோ பழைய ரப்பர் குழாயோ என்றால் கைப்பிடியிலேயே முட்டும். லீவரின் நீளமும், அது சுழல்கிற பிவட்டின் தூரமும்கூடக் கணக்கில் வரும். தம்பி, 1/2க்கே திரும்பிப் போங்க. கலிப்பர் வழுக்கி நகர்கிற ஸ்லைட் பின்னையும் கழற்றிக் கிரீஸ் போடுங்க, கடற்காற்றில் இறுகிப்போயிருக்கும்.

வாவிக்கரையான்:
புது 1/2 போட்டாச்சு அண்ணே. ஒரு பின் உண்மையிலேயே துருவில் இறுகிக் கிடந்தது, தட்டித்தான் எடுத்தேன். இப்போ இரண்டு விரல் போதும். லீவர் முன்னைவிடக் கொஞ்சம் உள்ளே வருகிறது, அது பழகிவிடும். இரட்டை டிஸ்க் வைத்திருக்கிற யாருக்காவது 5/8 வேணுமா?