பழைய சர்க்கரை ஈஸ்டர் முட்டையின் ஒட்டு விலகுகிறது, உதவி தேவை

ஹூஸ்டனில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி 1980களில் தன் கையால் செய்த சர்க்கரை ஈஸ்டர் முட்டையை என் மகளுக்குக் கொடுத்திருந்தார். ஈரச் சர்க்கரையை அச்சில் அழுத்தி, காயவிட்டு, உள்ளே குடைந்து, இரண்டு பாதிகளையும் ராயல் ஐசிங்கால் (முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் கலந்த, காய்ந்தால் கெட்டியாகும் கலவை) ஒட்டிய வகை. முனையில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியே பார்த்தால் ஐசிங் முயலும் பூக்களும் தெரியும். பாட்டி இப்போது இல்லை. இதுபோல் இன்னொன்று வாங்கிக்கொள்ள முடியாது.

2024 ஜூலையில் பெரில் புயலில் கரண்ட் போய், ஏசி இல்லாமல் கிடந்தபோது ஈரம் ஏறிவிட்டது. மேல்பரப்பு பிசுபிசுத்தது, ஒரு பக்கம் ஐசிங் ஒட்டு விலகியது. ஓடு கெட்டியாகத்தான் இருக்கிறது, எறும்பும் வரவில்லை.

காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வைத்தேன். பிசுபிசுப்பு போய்விட்டது, ஆனால் விரிசல் இன்னும் அகலமாகிவிட்டது. ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை, வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும். ஓவனில் வைத்துக் காயவைக்கவும் வேண்டாம், சாயம் நிறம் மாறிவிடும்.

விரிசலில் புதிதாக ராயல் ஐசிங் வைத்து ஒட்டினால், அதன் ஈரம் பழைய சர்க்கரை ஓட்டைக் கரைத்துவிடுமா?