டர்போ பூஸ்ட் கோளாறு: உங்கள் வண்டியில் நடந்ததை எழுதுங்கள்

குன்னூர் ஏற்றம்
என் வண்டி டீசல். டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது, அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்) விஜிடி வகை, அதாவது உள்ளே 'வேன்' எனும் சிறு தகடுகள் திரும்பி பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும். அவற்றை ஒரு ராடு வழியாக நகர்த்துவது வாக்குவம் ஆக்சுவேட்டர். பர்லியார் தாண்டி மூன்றாவது கியரில் ஒரு பேருந்தை முந்தப் போனேன், பாதியில் இழுவை செத்துவிட்டது. எதிரே வண்டி வருகிறது, மிதித்தால் ஒன்றுமே இல்லை. எப்படியோ ஒதுங்கிச் சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி இழுக்கிறது, என்ஜின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கோடு பி0299, அதாவது பூஸ்ட் போதவில்லை. சர்வீஸ் சென்டரில் அதைப் படித்த கையோடு "டர்போ போச்சு சார், மாத்தணும்" என்று எஸ்டிமேட் போட்டுவிட்டார்கள். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அப்புறம் மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் கை வாக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் சொருகி இழுத்தார். ராடு முழுதாக நகர்ந்து அப்படியே நின்றது, அதாவது ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாபிரம் நல்லது, வேன்களும் இறுகவில்லை. பிறகு சோலனாய்டுக்கு (ஆக்சுவேட்டருக்குப் போகும் வாக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) வரும் ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினார், அடிப்பக்கம் வெடித்திருந்தது. குழாய்த் துண்டு ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது.

நாற்கரச் சாலை
அண்ணா, உங்களுக்குக் குழாயோடு முடிந்தது நல்ல விஷயம். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் குழாயை மட்டும் மாற்றிக்கொண்டு இருக்கக் கூடாது. எனக்கு வந்தது பி0234, ஓவர்பூஸ்ட், அதாவது பூஸ்ட் அளவுக்கு மேல் ஏறியது. விழுப்புரம் தாண்டி நல்ல வேகத்தில் போகும்போது லிம்ப் மோடுக்கு (என்ஜினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்துவிடும் நிலை) போய்விட்டது. அதே வாக்குவம் பம்ப் சோதனைதான் எனக்கும் செய்தார்கள், ராடு பாதி தூரம் போய் நின்றது, விட்டதும் மெதுவாகத் திரும்பாமல் 'டக்'கென்று குதித்தது. அந்தக் குதிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கழற்றினால் வேன்களைச் சுற்றிக் கரி கெட்டியாகப் படிந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே குறைந்த ஆர்பிஎம்மில் ஓடிய வண்டி. வேன்கள் மூடிய நிலையில் சிக்கினால் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும், புதுக் குழாய் போட்டு என்ன பயன்?

பெட்ரோல் பக்கம்
நீங்கள் இருவரும் சொல்வது வாக்குவம் விஜிடிக்குத்தான் பொருந்தும். சாதாரண வேஸ்ட்கேட் (புகையில் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் விலக்கி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) உள்ள என் பெட்ரோல் வண்டியில் ஆக்சுவேட்டருக்குப் போகும் பிரஷர் குழாய் கழன்றுவிட்டது, பூஸ்ட் குறையவில்லை, கூடியது! ஏனென்றால் அந்த அழுத்தம் வந்தால்தான் வேஸ்ட்கேட் திறக்கும். முழுதாக மிதித்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டி வெட்டியது, என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ ஃபியூயலை நிறுத்தியிருக்கிறது. பூஸ்ட் ஏறினாலே கரி என்று முடிவுகட்டாதீர்கள், நாற்கரச் சாலை.

ஸ்கேனர் வைத்திருப்பவன்
என் கதை சின்னது. என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பொய் சொன்னது, அதை நம்பி டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வரை கழற்றிவிட்டார்கள்.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன், ஒருவருக்காவது டர்போ காசு மிஞ்சட்டும். முதலில் சாவியை ஆன் செய்து, என்ஜினைப் போடாமல் மேப் அளவைப் பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தம்தான், சென்னையில் 100 கேபிஏ (கிலோபாஸ்கல்) பக்கம் காட்ட வேண்டும், உயரமான ஊட்டியில் 77ஐ ஒட்டி இருக்கும். என்ஜினே ஓடாதபோது 120 காட்டினால் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள், டர்போவைத் தொடாதீர்கள். இன்னொன்று, ஸ்கேனர் காட்டுவது பெரும்பாலும் முழு அழுத்தம். 200 காட்டினால் அதில் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால்தான் பூஸ்ட். ஊட்டியில் நின்றுகொண்டு 100ஐக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காலியான ஏற்றத்தில், பக்கத்தில் ஒருவரை ஸ்கேனரோடு உட்காரவைத்து, மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதி. ஈசியூ கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், சோலனாய்டு டியூட்டி (சோலனாய்டை ஈசியூ எத்தனை சதவீதம் இயக்குகிறது என்பது) மூன்றையும் பதிவுசெய்யுங்கள். டியூட்டி உச்சத்துக்குப் போயும் பூஸ்ட் வராவிட்டால் எங்கோ கசிவு, அல்லது வாக்குவம் போதவில்லை. கேட்டதைத் தாண்டி எகிறிவிட்டு இறங்கினால் வேனோ வேஸ்ட்கேட்டோ சிக்குகிறது. கோடு அழித்துவிட்டு "ஓட்டிப் பாருங்க" என்று அனுப்பினால் விடாதீர்கள், ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு விழுந்த நொடியில் ஈசியூ பதிந்துவைத்த அளவுகள்) முதலில் எழுதி வாங்குங்கள், கோடு போனால் அதுவும் போய்விடும்.

குன்னூர் ஏற்றம்
நாற்கரச் சாலை தம்பி, குழாயை மட்டும் பாருங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ராடு நகர்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் குழாய்க்கே போனார். பம்ப் இல்லாதவர்களும் ஓரளவு பார்க்கலாம். ஒருவர் என்ஜினைப் போட்டு அணைக்கட்டும், நீங்கள் ராடைப் பாருங்கள். வாக்குவம் விஜிடி பெரும்பாலானவற்றில் போட்டதும் உள்ளே இழுக்கும், அணைத்ததும் திரும்பும். அசையவே இல்லையென்றால் குழாய், சோலனாய்டு, வாக்குவம் பம்ப், இந்த மூன்றையும் பார்க்காமல் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.